கார்ட் டிராக்கில் நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வது: ஒரு தந்தையின் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிறு மாலை ஊருக்கு வெளியே உள்ள ஒரு வாடகைக் கோகார்ட் (தரையை ஒட்டி ஓடும் சிறிய திறந்த பந்தய வண்டி) டிராக்கில் நீங்களும் உங்கள் 13 வயது மகளும் ஓட்டியிருக்கிறீர்கள். நான்காவது சுற்றில் வலப்பக்கப் புல்தரையிலிருந்து ஒரு நாய் பாய்ந்து குறுக்கே வந்திருக்கிறது. நீங்கள் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வெட்டியதில் கார்ட் சுழன்று டயர் அடுக்கில் மோதி நின்றது; பின்னால் வந்த மகளின் கார்ட் உங்கள் கார்ட்டில் இடித்தது. நாய் தப்பிவிட்டது, உங்களுக்கு விலாவில் கன்றிய வலி, மகளுக்குக் காயமில்லை. அங்கிருந்த ஊழியர் "நேராகப் போய் நாயை இடித்திருக்க வேண்டும், வெட்டியது உங்கள் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரியா என்று கேட்கிறீர்கள். ஆனால், அப்பாவை இடித்துவிட்டோமே என்று மகள் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், அவளை மறுபடி அழைத்துப் போகலாமா என்று தெரியவில்லை என்றும் கடைசியில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தாம் உங்களை உண்மையில் உறுத்துகின்றன என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கோவை வட்டாரத்தில் 14 ஆண்டுகளாகக் கார்ட் டிராக்குகளில் முதலில் மார்ஷலாகவும் (தடத்தோரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிப்பவர்) பிறகு பயிற்சியாளராகவும் இருந்து வருகிறேன். பந்தய ஓட்டுநராகப் பெயர் எடுத்தவன் அல்லன். ஆனால் கொடியைப் பிடித்துக்கொண்டு வளைவின் ஓரத்தில் நின்றவன், சுழன்று நின்ற கார்ட்டுகளைப் பல நூறு முறை தள்ளி ஒதுக்கியவன். நீங்கள் ஓட்டிய டிராக்கை நான் பார்க்கவில்லை. நாய் எவ்வளவு தூரத்தில் வந்தது, தளம் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. ஆகவே அன்று நடந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த வண்டியின் இயல்பைப் பற்றியும், அப்படிப்பட்ட ஒரு நொடியில் ஒருவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதைப் பற்றியும் சொல்ல முடியும்.

வண்டியின் இயல்பு ஐயத்துக்கு இடமில்லாதது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாடகைக் கார்ட்டில் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. காரில் இருப்பதுபோல, இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இல்லாததால் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். பிரேக் டிஸ்க்கும் பெரும்பாலும் அந்தப் பின் அச்சில் மட்டுமே இருக்கும். முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை. வீட்டில் கார் ஓட்டிப் பழகிய கால், பதற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது பின் சக்கரங்கள் இரண்டும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய டயர் வழுக்கும். வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் அநேகமாக இருக்காது. அதே கணத்தில் எடை முழுவதும் முன்பக்கம் சாய்வதால் முன் டயர்கள் தரையை நன்றாகக் கவ்வுகின்றன. இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் திரும்பும். பின்பக்கம் அதைத் தொடர்ந்து வராமல், வந்த திசையிலேயே போக முயலும். விளைவு சுழற்சிதான். நீங்கள் மட்டுமல்ல, அந்த இரண்டையும் ஒன்றாகச் செய்த யாராக இருந்தாலும் சுழன்றிருப்பார்கள். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் இதைக் காலி டிராக்கில் வேண்டுமென்றே செய்துகாட்டுவேன். சொல்லி நம்பாதவர்கள்கூட ஒரு தடவை சுழன்ற பிறகு நம்புவார்கள்.

எனவே முதல் விதி இது: கார்ட்டில் பிரேக் பிடிப்பதையும் திருப்புவதையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. முதலில் வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து முழுவதுமாக எடுக்க வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு இடது காலால் அழுத்தமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகும் நாய் முன்னால் நின்றால் பிரேக்கைச் சற்றுத் தளர்த்திவிட்டு மெல்லத் திருப்பலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார்ட் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, கால் இடம் மாற ஒரு நொடி போய்விடும். அதற்கு மேல், உலர்ந்த நல்ல தளத்தில் முழுவதுமாக நிற்க இன்னும் 20 மீட்டர் வரை ஆகும் என்பது என் கைக்கணக்கு; டயரின் தேய்மானத்தையும் தளத்தின் தூசியையும் பொறுத்து அது கூடும். மொத்தத்தில் 30 மீட்டருக்கு மேல். நாய் அதற்குள் வந்துவிட்டால் வண்டியை நிறுத்தவே முடியாது, வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். 15 மீட்டருக்குள் பாய்ந்திருந்தால் உங்கள் கால் பெடலைத் தொடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ஊழியர் சொன்னதில் பாதி சரி. வெட்டக் கூடாது என்பது சரி. "இடித்திருக்க வேண்டும்" என்பது சரியான சொல் அல்ல. அதைச் சொன்ன தொனியும் எனக்குப் பிடிக்கவில்லை. நேராகப் பிரேக் பிடிப்பதன் நோக்கம் நாயை இடிப்பதல்ல, வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. நேராக வேகம் குறையும் வண்டியிலிருந்து நாய் தப்பிக்கவும் வாய்ப்பு மிகுதி. எந்தப் பக்கம் வரும் என்று அதற்கும் புலப்படாத சுழலும் வண்டியிலிருந்து தப்பிப்பது கடினம். மோதுவதைத் தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், ஓட்டுநரும் கார்ட்டும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் இருக்கும். 15 அல்லது 20 கிலோ நாய் அதன் வேகத்தில் சிறிதளவையே குறைக்கும். அந்த அதிர்ச்சி உங்களைப் பெரிதாகத் தாக்காது. ஆனால் நாய் முன்பக்கப் பம்பரின் மேல் ஏறிக் கால்கள் மேலோ மார்பின் மேலோ வந்து விழுவதும், சக்கரத்தின் அடியில் சிக்கி வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடுவதும் நடக்கக்கூடியவை. கார்ட்டில் நாம் தரைக்குச் சில சென்டிமீட்டர் மேலேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை யாரும் மறக்கக் கூடாது. காரில் இருப்பவருக்கு நாய் சக்கரத்தின் உயரம். கார்ட்டில் இருப்பவருக்கு அது நெஞ்சின் உயரம்.

இன்னொன்றை நான் அந்த ஊழியரிடமே சொல்லியிருப்பேன்: அன்று உங்களுக்கு நேர்ந்த பெரிய ஆபத்து நாய் அல்ல, பின்னால் வந்த கார்ட்தான். கார்ட்டுக்குப் பிரேக் விளக்கு கிடையாது. முன்னால் போகிறவர் நிற்கிறார் என்பது பின்னால் வருகிறவருக்கு அவருடைய முதுகு பெரிதாகத் தெரியும்போதுதான் புரிகிறது. ஆகவே சுழன்று நின்றுவிட்டால், நின்ற அந்தக் கணத்தில் ஒரு கையை உயரத் தூக்க வேண்டும். வண்டி ஓடும்போதோ சுழலும்போதோ கையை எடுக்கக் கூடாது. சுழலும்போது பிரேக்கை முழுவதும் மிதித்துப் பிடித்திருங்கள். அப்படிச் செய்தால் கார்ட் ஒரே திசையில் வழுக்கி நிற்கும், பின்னால் வருகிறவர் அதை ஊகித்து விலக முடியும். பிரேக்கை இடையில் விட்டால் அது எந்தத் திசையிலும் உருளலாம். நின்ற பின் இருக்கையை விட்டு இறங்கவே கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றவும் கூடாது. மகள் என்ன ஆனாளோ என்று நீங்கள் உடனே இறங்கி ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். தகப்பன் மனது அது, குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகள்தாம் அன்றைக்கு நீங்கள் மிகப் பெரிய ஆபத்தில் இருந்த நொடிகள். அடுத்து வந்தவர் உங்களைப் பார்த்திருக்காவிட்டால் கதை வேறாகியிருக்கும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பது உறுதியில்லாத பகுதி. "அது வந்த திசைக்குப் பின்னால் போ, அது முன்னால் போய்விடும்" என்று பலரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது சொல்வதில்லை. நாய் பாதி வழியில் நின்று திரும்பி ஓடுவதை நான் அத்தனை முறை பார்த்திருக்கிறேன். சில நாய்கள் ஓடும் சக்கரத்தைத் துரத்தும். குட்டி நாய்கள் அசையாமல் உட்கார்ந்துவிடும். ஆடுகளைப் பொறுத்தவரை ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லலாம்: ஒன்று கடந்தால் மற்றவை அதன் பின்னாலேயே வரும். ஆகையால் முதல் ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் நுழைவது முட்டாள்தனம். மயில் வேறு வகை. கோவைப் பக்கம் வயல்களை ஒட்டிய டிராக்குகளில் காலை வேளையில் மயில் வருவது வழக்கம். அது உடனே எழும்பாது, கொஞ்ச தூரம் ஓடிய பிறகே தரையை விட்டுக் கிளம்பும், கிளம்பும்போது சரியாகக் கார்ட் ஓட்டுபவரின் முகத்தின் உயரத்தில் இருக்கும். ஆண் மயில் நான்கு முதல் ஆறு கிலோ வரை எடையுள்ளது. அங்கே நேராக வேகம் குறைப்பதோடு தலையையும் குனிய வேண்டும். மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. டிராக்கில் வருகிறது என்பதற்காகப் பிடிப்பதோ அடிப்பதோ குற்றம். பாம்புகள் பெரும்பாலும் ஓட்டுநருக்கு ஆபத்தல்ல, எங்களைப் போன்ற ஊழியர்களுக்கே ஆபத்து. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தார் பொழுது சாய்ந்த பிறகும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்கு அவை வரும், பிறகு டயர் அடுக்குகளுக்குள் நுழைந்துகொள்ளும். டயர் அடுக்கில் இடித்து நின்றவர் அதைப் பிடித்துத் தள்ளி எழ முயலும்போது, கையை டயரின் உள்ளே விடக் கூடாது என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்வது அதனால்தான். தேளும் குளவியும் அங்கேதான் குடியிருக்கின்றன.

இது வாடகை டிராக்குகளில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். 2011 அக்டோபரில் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, வெள்ளிக்கிழமைக் காலை முதல் பயிற்சி ஓட்டத்திலேயே ஒரு தெருநாய் தடத்துக்குள் வந்தது; சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2008இல் துருக்கியின் இஸ்தான்புல் பார்க்கில் ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையில் இருந்த ஜிபி2 பந்தயத்தில் ஓடிய புரூனோ சென்னா ஒரு நாயின் மீது மோதி, வண்டி உடைந்து பந்தயத்திலிருந்து விலகினார். 1987இல் ஆஸ்திரியாவில் ஸ்டீபன் யோஹான்சனின் மெக்லாரன் ஃபார்முலா ஒன் வண்டி பயிற்சியின்போது ஒரு மானின் மீது மோதி நொறுங்கியது. 2006இல் அமெரிக்காவின் ரோட் அமெரிக்கா தடத்தில் சோதனை ஓட்டத்தில் இருந்த கிறிஸ்டியானோ ட மாட்டாவின் திறந்த வண்டியில் ஒரு மான் மோதியது. தலையில் பட்ட அடியால் மூளையைச் சுற்றி இரத்தம் கட்டி, அறுவைச் சிகிச்சை செய்து, அவர் மீண்டு வர நெடுநாள் ஆனது. உலகத்தில் மிகச் சிறந்த அனிச்சைச் செயல் கொண்டவர்களாலேயே விலக முடியவில்லை. அவர்களில் யாரையும் "நீ ஏன் ஒதுங்கவில்லை" என்று யாரும் கேட்கவுமில்லை. நொய்டாவில் செய்ததுதான் சரியான வழி: விலங்கு உள்ளே வந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓட்டுநரின் சாமர்த்தியத்தை நம்பி ஓட்டத்தைத் தொடர விடக் கூடாது.

நான் இதில் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்குக் காரணம், இந்தத் தவறை நானே ஒருமுறை செய்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு டிராக்கில், ஒரு சனிக்கிழமை காலை ஒரு செந்நிற நாய் தடத்தைக் கடந்தது. மஞ்சள் கொடி காட்டி, விசில் அடித்து, கம்பி வேலிக்கு வெளியே விரட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடரச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அது மறுபடி வந்தது, மறுபடி விரட்டினோம். மூன்றாவது முறை அது வந்தபோது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு கல்லூரி மாணவர் நீங்கள் செய்ததைப் போலவே பிரேக்கோடு வெட்டினார், சுழன்றார், பின்னால் வந்தவர் அவருடைய பக்கவாட்டில் மோதினார். தோள்பட்டைக்கு முன்னால் உள்ள காறையெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு, அந்த நாய் ஏன் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கடக்கிறது என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அது போன திசையில் நடந்தேன். தடத்தின் நடுப்பகுதியில், இரண்டாவது வளைவுக்குள் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்கு இடையே நான்கு குட்டிகள் இருந்தன. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அந்த நாயின் மடி பால் கட்டித் தொங்கியது. அது எங்கள் தடத்துக்குள் ஓடி வரவில்லை, தன் குட்டிகளிடம் போயிருக்கிறது. நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் அதை வேலிக்கு வெளியே துரத்தி, மறுபடி ஒருமுறை தடத்தைக் கடக்கும்படி செய்திருக்கிறோம். அன்று மாலையே டிராக்கை மூடி, குட்டிகளை டயரோடு சேர்த்துத் தூக்கி வேலிக்கு வெளியே ஒரு நிழலில் வைத்தோம். தாய் பின்னாலேயே வந்தது. அதன் பிறகு அது தடத்தை ஒருமுறைகூடக் கடக்கவில்லை. அந்த மாணவருக்கு மூன்று மாதம் கையைத் தூக்க முடியவில்லை. அதற்கு நாய் காரணமல்ல. முதல் முறையே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்கத் தவறிய நான்தான் காரணம்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது: விலங்கு ஒருமுறை உள்ளே வந்தால் எல்லா வண்டிகளையும் நிறுத்த வேண்டும், அது எந்த வழியாக வந்தது, எதற்காக வந்தது என்று கண்ட பிறகே மறுபடி தொடங்க வேண்டும். வழி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வேலியின் அடியில் மண் அரித்த இடைவெளி, மழைநீர் வடிகால், அல்லது வண்டிகள் வரும் பெரிய கேட். காரணம் பெரும்பாலும் சாப்பாடு. கேன்டீனின் பிரியாணி எலும்பைத் தடத்துக்குப் பின்னால் கொட்டினால் நாய் வரத்தான் செய்யும். இப்போது வரும் பல கார்ட்டுகளில், குறிப்பாக மின்சாரக் கார்ட்டுகளில், மார்ஷலின் கையில் இருக்கும் ரிமோட்டை அழுத்தினால் எல்லா வண்டிகளின் வேகமும் ஒரே நேரத்தில் குறைந்துவிடும். அது மிக நல்ல ஏற்பாடு. அந்த மின்சாரக் கார்ட்டுகளிடம் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன்: சத்தம் இல்லாததால் விலங்குகள் அவற்றைத் தாமதமாகவே உணர்கின்றன போலிருக்கிறது. இது நான் கண்டதை வைத்துச் சொல்வது. ஆராய்ந்து நிறுவியது அல்ல.

கொடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் டிராக்கில் ஓட்டத்துக்கு முன் யாரும் விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. இரண்டு மஞ்சள் கொடிகள் சேர்ந்து அசைந்தால் நிறுத்தத் தயாராக இருக்க வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தளம் வழுக்குகிறது என்று பொருள். சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது. மெல்ல, முன்னால் போகிறவரை முந்தாமல், மார்ஷல் காட்டும் இடத்துக்கு வர வேண்டும். உங்கள் சம்பவத்தில் எந்தக் கொடியும் தெரியவில்லை என்கிறீர்கள். அந்த வளைவில் ஆளே இல்லையா, இருந்தும் பார்க்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் அது ஓட்டுநரின் தவறு அல்ல.

நாயை நினைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடக் கூடாது என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தடத்தில் எதிர்பாராமல் வருபவற்றில் நான் அதிகம் பார்த்தது விலங்கு அல்ல, மனிதர்கள்தாம். அப்பாவைப் படம் எடுக்க ஓடிவரும் குழந்தை, நின்றுபோன கார்ட்டை எடுக்க முதுகைக் காட்டியபடி குறுக்கே நடக்கும் ஊழியர், சட்டைப் பையிலிருந்து விழுந்த போனை எடுக்க இறங்கும் ஓட்டுநர். அடுத்தபடியாக எண்ணெய்க் கசிவும், தடத்தை விட்டு இறங்கிய கார்ட் இழுத்துவரும் மண்ணும் கூழாங்கல்லும். கல்லைச் சிறிது என்று நினைக்காதீர்கள். 1972இல் பிரான்சின் கிளெர்மான்ஃபெரான் தடத்தில் முன்னால் போன வண்டியின் சக்கரம் தெறித்த கல் முகக்கண்ணாடியைத் துளைத்ததில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஹெல்முட் மார்க்கோ ஒரு கண் பார்வையை இழந்தார். அவருடைய ஓட்ட வாழ்க்கையும் அன்றோடு முடிந்தது. அப்படியிருக்க, வாடகை ஹெல்மெட்டின் கண்ணாடி கீறல் விழுந்து மங்கலாக இருக்கிறது என்று அதை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கண்ணாடி மங்கலாக இருந்தால் வேறு ஹெல்மெட் கேளுங்கள், தரவில்லையென்றால் ஓட்டாதீர்கள். தேனீயோ வண்டோ முகத்தில் அடித்து, அந்தப் பதற்றத்தில் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தவர்கள் உண்டு. கண்ணாடி மூடியிருந்தால் அது நேராது. மூடியும் உள்ளே நுழைந்துவிட்டால், வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தி, கையைத் தூக்கிய பிறகே அதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நீளமான கூந்தல் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாயைவிட அது என்னை அதிகம் கலங்கவைத்தது. கார்ட்டில் சுழலும் அச்சும் சங்கிலியும் இருக்கைக்குப் பின்னால், முதுகுக்கு மிக அருகில் இருக்கின்றன. காற்றில் பின்னால் பறக்கும் கூந்தலும் துப்பட்டாவும் நேராக அங்கேதான் போகும். 2018 பிப்ரவரியில் அரியானாவின் பிஞ்சோரில் கணவருடன் கார்ட் ஓட்டச் சென்ற ஓர் இளம்பெண் கூந்தல் சக்கரத்தில் சிக்கி இறந்தார். 2020இல் ஐதராபாத்திலும் ஒரு கல்லூரி மாணவி இதேபோல் உயிரிழந்தார். அந்த அச்சு நொடிக்குப் பல முறை சுழல்கிறது. சிக்கிய பிறகு பிரேக் பிடிக்க அவகாசமே கிடையாது. கூந்தலைப் பின்னிக் கொண்டையாகக் கட்டி, மெல்லிய துணியுறைக்குள் அடக்கி, அதன் மேல் ஹெல்மெட் அணிந்து, எஞ்சியதைச் சட்டையின் காலருக்குள் விட வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டு முதுகில் தொங்கவிடுவது போதாது. துப்பட்டா, நீளமான கயிறு வைத்த ஜாக்கெட், தளர்ந்த ஷூ லேஸ் எதுவும் கூடாது. இதைச் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கார்ட்டில் உட்காரவைக்கும் இடத்தில், மற்ற எதுவும் ஒழுங்காக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

அடிபட்ட நாயைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் நாய் ஓடிவிட்டது. ஒருவேளை அது தடத்தில் விழுந்து கிடந்திருந்தால், இரக்கத்தில் வெறுங்கையால் தூக்கப் போகாதீர்கள். வலியில் இருக்கும் விலங்கு தன்னை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நாய் நன்றாகத்தானே இருந்தது என்று காத்திருக்கக் கூடாது. நான் மருத்துவன் அல்லன். இது முதலுதவிப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது. உங்கள் விலா வலியும் அப்படித்தான்: மூச்சை இழுக்கும்போது குத்தினால், ஒரு வாரம் ஆகட்டும் என்று இராமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். கார்ட் இருக்கையின் விளிம்பு விலாவில் இடித்து எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடப்பது.

மறுபடி அழைத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் இடத்தைப் பார்த்துவிட்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் வெளியில் நின்று ஒரு முழு ஓட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வளைவையும் பார்க்கும்படி மார்ஷல்கள் நிற்கிறார்களா, அவர்கள் கண் தடத்தில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா என்று கவனியுங்கள். யாராவது சுழன்று நின்றால் எத்தனை நொடியில் கொடி அசைகிறது என்று எண்ணுங்கள். வேலியை ஒட்டி ஒருமுறை நடந்து, அடியில் நாய் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். விலங்கு உள்ளே வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஊழியரைக் கேளுங்கள். "எல்லா வண்டியையும் நிறுத்திவிடுவோம்" என்று தயங்காமல் சொல்கிறவரை நம்பலாம். பிள்ளைகளுக்குத் தனி ஓட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல இடங்களில் 13 வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் வேகமான கார்ட்டுகளோடு கலந்து விடுவதில்லை. அங்கே உங்கள் மகள் உங்களுக்குப் பின்னால் வந்திருக்கவே மாட்டாள்.

மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கார்ட் குறுக்கே நின்றபோது அவள் ஸ்டீயரிங்கை வெட்டவில்லை. நேராகவே பிரேக் பிடித்திருக்கிறாள். அதனால்தான் வண்டி சுழலாமல், வேகம் பெருமளவு குறைந்த பிறகு, பம்பரின் மீது பம்பர் பட்டு நின்றிருக்கிறது. அவள் வெட்டியிருந்தால் அவளுடைய கார்ட்டின் பக்கவாட்டு உங்கள் மீது வந்து மோதியிருக்கும், அல்லது அவளுக்குப் பின்னால் வந்தவர் அவள் மீது மோதியிருப்பார். யாரும் சொல்லித்தராமலே, அன்றைக்கு அந்தத் தடத்தில் இருந்தவர்களில் சரியானதைச் செய்தது அவள் ஒருத்திதான். அடுத்த முறை நீங்கள் கோவைப் பக்கம் வந்தால் அழைத்து வாருங்கள். காலி டிராக்கில் வேண்டுமென்றே எப்படிச் சுழல்வது, சுழன்ற வண்டியை எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் சேர்த்தே காட்டுகிறேன்.